ராக்கெட் குச்சியில் இரண்டு கோடுகள்

போன வாரம் ஜீப்பைப் பார்க்கச் சிவகாசியிலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். வண்டியை மூன்று முறை சுற்றினார். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. டயரை உதைத்தார், பானெட்டைத் திறந்து மூடினார். பிறகு பத்தடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “முன்னாடி எறங்கியிருக்கே சார், கம்பி தளந்துபோச்சோ?” என்று கேட்டார். வாங்க வந்தவர் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குள் போனேன். முன்னறையில் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்த ராக்கெட் குச்சியை எடுத்தேன். பட்டாசு ராக்கெட்டின் வாலாகக் கட்டுகிற சாதாரண மூங்கில் குச்சி. அதன் ஒரு நுனி நேராகச் சீவப்பட்டிருக்கிறது. மேல்பாதியில் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு, அதற்கு ஒன்றேகால் விரல் கீழே நீலப் பென்சிலில் ஒரு கோடு. இரண்டும் நான் போட்டவை. போடச் சொன்னவன் என் மச்சினன்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. திருத்தங்கலில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அவனுக்குப் பட்டறை இருந்தது. அச்சகங்களுக்குப் பேப்பர் லோடு ஏற்றிவரும் வண்டிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றுவதுதான் அவன் பிழைப்பு. ஆனால் அவன் உயிர் எல்லாம் இந்த ஜீப்பில் இருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப். பின்னால் நீளமான இடம், இரண்டு பக்கமும் மடக்குகிற பெஞ்சு. ஒவ்வொரு வருடமும் ஆனைக்குட்டம் பக்கம் கரிசல் சேற்றில் ஜீப் வைத்திருப்பவர்கள் கூடிப் போட்டி வைப்பார்கள். அதில் ஒருமுறையாவது முதலாவதாக வர வேண்டும் என்று அவன் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டே போனான். கடைசியில் அது முன்னங்காலைத் தூக்கிய குதிரை போல நின்றது. தெருவில் எல்லோரும் அதை மூக்குத் தூக்கி ஜீப் என்றார்கள். அப்படிச் சொல்வதைக் கேட்டால் அவனுக்கு மீசை விரியும். சத்தமாகப் பேசுகிறவன், சத்தமாகச் சிரிக்கிறவன். எங்கள் சர்ச் பாட்டுக்குழுவில் அவன் குரல் மட்டும் தெருமுனைவரை கேட்கும். என் வீட்டுக்குள் நுழையும்போதே, “அத்தான், எண்ணிக்கிட்டு இருக்கீகளா? குறுக்க பேசலாமா?” என்பான். கல்யாண வீடுகளில் என்னைக் காட்டி, “எங்க அத்தான் பந்தியில ஒக்காந்தா பாயாசத்துல எத்தனை முந்திரி கெடக்குன்னு சொல்லிப்புடுவாரு, வெளம்புறவுக சூதானமா இருங்க” என்று எச்சரிப்பான்.

நான் எண்ணுவது வேடிக்கைக்காக வந்த பழக்கமல்ல. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேதியியல் படித்தவன். மருந்து கலக்கும் அளவு, காயப்போட்ட வெடிக் கணக்கு என்று எல்லாம் என் பொறுப்பு. ஆனாலும் எல்லாவற்றுக்கும் மேலானது தலைக்கணக்கு. ஓர் அறைக்கு நாலு பேர், வெடி விபத்துக்குப் பயந்து போட்ட சட்டம் அது. அதற்கு மேல் ஒரு தலை இருக்கக் கூடாது. காலையில் ஒருமுறை, பத்து மணிக்கு ஒருமுறை என்று ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று எண்ணுவேன். ஐந்தாவது தலை தெரிந்தால், அது தண்ணீர் கொடுக்க வந்த தலையாக இருந்தாலும், வெளியே வந்த பிறகுதான் அடுத்த அறைக்குப் போவேன். ஓய்வு பெற்ற பிறகும் பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுகிறேன். என் மனைவி இதைச் சகித்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் நர்ஸ். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் ஆலைத் தொழிலாளர்களுக்கான சின்ன மருத்துவ நிலையத்தில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சில வருடங்களுக்கு முன்பு ஐப்பசி மழையில் நடந்தது இது. என் கம்பெனியில் பாக்கிங் அறையில் வேலை செய்த ஒரு பெண், நான் வருடக்கணக்காக நாலில் ஒருத்தியாக எண்ணிய பெண், பிள்ளை உண்டாகியிருந்தாள். முன்பு இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. இது மூன்றாவது. ஏழாம் மாதம் முடிகிற நேரத்தில் இரத்தம் பட்டது. நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மறைத்திருப்பதாக விருதுநகர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு வாரம் அங்கேயே படுக்க வைத்து, நின்ற பிறகு தாய்வீட்டுக்கு அனுப்பி, அடுத்த திங்கட்கிழமை வந்து படுத்துவிட வேண்டும், அதற்குமேல் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வரும்போது உடம்பு குலுங்கக் கூடாது என்பதை டாக்டர் மூன்று முறை சொன்னதாக அவளுடைய அம்மா சொன்னாள்.

அந்த வாரம்தான் மழை கொட்டி, அவள் தாய்வீட்டு ஊருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஓடையின் மேல் இருந்த தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போனது. ஆம்புலன்ஸ் ஓடைக்கு அந்தப் பக்கம் வராது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தாழ்ந்த வண்டி சேற்றில் உட்கார்ந்தால் உள்ளே இருப்பவர் கதி என்ன? கட்டிலோடு தூக்கி ஓடையைக் கடத்திவிடலாம் என்று ஊர் ஆட்கள் சொன்னார்கள். என் மனைவி ஒப்பவில்லை. “தூக்குற நாலு பேர்ல ஒருத்தன் வழுக்கினாப் போதும். ஒரு உசுர் இல்ல, ரெண்டு உசுர்” என்றாள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேரே தம்பியின் பட்டறைக்குப் போய் ஜீப்பைக் கேட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

அவன் உடனே சரி என்றான். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. “இதுக்குத்தானக்கா இம்புட்டு ஒசரம் ஏத்தி வச்சிருக்கேன். ஓடைத் தண்ணி கதவைக்கூடத் தொடாது” என்றான். என் மனைவி பின்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். “எங்கே, இப்படியே தெரு முக்குவரைக்கும் போயிட்டு வா” என்றாள். போனான். மூன்று வேகத்தடை. திரும்பி வந்து இறங்கியவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “ஏலே, இதுல நெல்லு மூட்டையக்கூட ஏத்த மாட்டேன். என் பேசண்ட ஏத்துவனா?” என்று கேட்டாள். அவன் முகம் விழுந்துவிட்டது. அக்காவிடம் மட்டும்தான் அவனுக்கு அப்படி விழும்.

விஷயம் இதுதான். அந்த ஜீப்பின் முன் சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீள எஃகுக் கம்பிகள் வண்டியின் அடியில் படுத்திருக்கின்றன. சக்கரம் மேட்டில் ஏறினால் கம்பி ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொள்ளும். இறங்கினால் முறுக்கை விட்டுக்கொடுக்கும். கம்பியின் பின்நுனியில் ஒரு போல்ட். அதை இறுக்கினால் வண்டியின் முன்பக்கம் உயரும், தளர்த்தினால் தாழும். மச்சினன் இறுக்கிக்கொண்டே போயிருந்தான். உயரம் கிடைத்தது. ஆனால் சக்கரம் கீழே இறங்குவதற்கு மிச்சம் இடம் இல்லாமல் போயிற்று. சின்னக் குழி வந்தாலும் சக்கரம் தொங்கி, இரும்பில் இரும்பு மோதி ‘டங்’ என்றது. அந்த அடி நேராகப் பின்னால் உட்கார்ந்தவரின் முதுகெலும்புக்குப் போனது. சரி, தாழ்த்திவிடலாம் என்றால், ஓடைக்கரையில் வயிறு இடிக்கும். மேட்டில் ஏறும்போது அடியில் உள்ள ரப்பர்க் கட்டையில் மோதித் ‘தொப்’ என்று இன்னொரு அடி விழும். மிகவும் உயரமும் ஆகாது, மிகவும் தாழ்வும் ஆகாது. நடுவில் எங்கே என்பதுதான் கேள்வி. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆனைக்குட்டத்தில் போட்டி இருந்தது என்பதையும் நான் மறக்கவில்லை. அவனும் மறந்திருக்க மாட்டான். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

சனிக்கிழமை காலையில் பாதையில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. “ஓட்டுற எனக்கு அடி தெரியாது. பின்னால படுத்திருக்க ஆளுக்குத்தான் தெரியும். யாராவது படுக்கணும்” என்றான் மச்சினன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். “எனக்கு முதுகுவலி உண்டு” என்றேன். “அதான் அத்தான் வேணும். நல்ல முதுகு இருக்கவன் பொய் சொல்லுவான்” என்றான்.

அப்படித்தான் நான் கர்ப்பிணியானேன். பின்பக்கத்தில் இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் மெத்தை போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். உடன் வரப்போகும் தாய்க்கிழவியின் இடத்தில் அச்சகத்திலிருந்து கொண்டுவந்த பேப்பர்க் கட்டுகளைப் பெஞ்சில் அடுக்கிக் கட்டினான். எங்கள் ஊரில் எடைக்கல் தேட வேண்டியதில்லை. ஒரு கட்டு எத்தனை கிலோ என்று லேபிளிலேயே இருக்கும். என் மனைவி என் தலைமாட்டில் உட்கார்ந்து, என் நெஞ்சின் மேல் எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் வைத்துப் பிடித்துக்கொண்டாள். “டங்கு தனியா, தொப்பு தனியா எண்ணுங்க அத்தான். ரெண்டையும் கலந்துறாதீக” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தான் மச்சினன்.

தார் ரோட்டை விட்டு மண்பாதையில் இறங்கியதும் எனக்கு வேர்த்துவிட்டது. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவனுக்குக் குழி வருவது தெரியாது. அடி விழுந்த பிறகுதான் தெரியும். அந்தப் பெண்ணும் இப்படித்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு வருவாள் என்று நினைத்தபோது என் முதுகைப் பற்றிய கவலை போய்விட்டது. சீமைக்கருவேல மரங்கள் ஜன்னலில் நகர்ந்தன. பட்டாசுக் கம்பெனிகளின் தள்ளித் தள்ளிக் கட்டிய வெள்ளை அறைகள் நகர்ந்தன. நான் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே போனேன். நாலாவது குழியில் டம்ளர் தண்ணீர் முழுவதும் என் சட்டைக்குள் போயிற்று. ஓடைவரை டங் இருபத்து மூன்று, தொப் இரண்டு. சொன்னேன். மச்சினன் இறங்கி, ஜாக்கி வைத்து, வண்டிக்கு அடியில் படுத்து இரண்டு பக்க போல்ட்டையும் தளர்த்தினான். எத்தனை சுற்று என்று நான் எண்ணினேன். மறுபடி அதே பாதையில். இந்த முறை தளர்த்தியதில் கை தாராளமாகிவிட்டது. டங் மூன்றுதான், ஆனால் தொப் பதினாலு. அதோடு ஓடைக்கரையில் ஏறும்போது அடிவயிறு மண்ணைச் சுரண்டி ‘கர்ர்’ என்றது. “இந்தச் சத்தத்த எந்தக் கணக்குல சேக்க?” என்று கேட்டேன். “அத என் தலையெழுத்துல சேத்துக்கோங்க” என்றான். என் மனைவி சிரித்ததில் இரண்டாவது டம்ளரும் கொட்டிவிட்டது.

மூன்றாவது, நான்காவது ஓட்டத்தில் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. ஐந்தாவது ஓட்டத்தில் டங் நாலு, தொப் நாலு. டம்ளரில் தண்ணீர் பாதிக்கு மேல் மிச்சம். நான் எழுந்து உட்கார்ந்தேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். மீசை மறுபடி விரிந்திருந்தது. “நாலு” என்றேன். “ரூமுக்கு நாலு. ஒங்களுக்குப் பிடிச்ச நம்பருதான அத்தான்” என்றான்.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. வண்டி இடதுபக்கம் லேசாகத் தூக்கியிருப்பதுபோல் படுத்திருந்த எனக்குப் பட்டது. டம்ளரில் தண்ணீரும் ஒருபக்கமாகவே கொட்டியது. சொன்னேன். “ரெண்டு பக்கமும் என் பட்டறையில வச்சு அளந்தது” என்று மறுத்தான். அவன் பட்டறைத் தரையைப் பார்த்திருக்கிறேன். மழைத்தண்ணீர் சாக்கடைக்கு ஓட வேண்டும் என்று ஒருபக்கமாகச் சரித்துப் போட்ட சிமெண்ட். அதில் நிறுத்தி, தாழ்ந்து தெரிந்த பக்கத்தை இறுக்கியிருக்கிறான். சரிந்த தரைக்கு வண்டியை நேராக்கினால் நேரான தரையில் வண்டி சரியாதா? நான் விடவில்லை. ஆனால் திருத்தங்கலில் எந்தத் தரை நேர்? கோயில் மண்டபம் என்றாள் என் மனைவி. ஜீப் படியேறாது. அப்போதுதான் அச்சகம் நினைவுக்கு வந்தது. அடுத்த தெருவில் ஒருவர் தம் பெரிய ஆப்செட் மெஷினை விற்றுவிட்டிருந்தார். அந்த ஹால் காலியாகக் கிடந்தது. அச்சு மெஷின் நின்ற தரை என்றால் அதைவிட நேரான தரை ஊரில் இருக்க முடியாது. தரையில் மயிரிழை சாய்வு இருந்தாலும் கலர் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஆண்கள் இருவரும் வெள்ளை வேட்டியோடு, மூன்று பேருமாக அந்த ஹாலுக்குப் போனோம். தரையெல்லாம் நீலமும் மஞ்சளும் கருஞ்சிவப்புமாக மைக்கறை. மச்சினன் கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தை நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தான். குமிழ் நடுவிலேயே நின்றது. அவன் என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். “பத்து வருசமா என் பட்டறையில செஞ்ச வண்டியெல்லாம் நேராத்தான ஓடுச்சு?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். “ரோடும் சாஞ்சிருந்திருக்கும்லே” என்றாள் அக்கா.

டயர்களில் காற்றைச் சமமாக்கினான். டிரைவர் இடத்தில் அவன் எடைக்குப் பேப்பர்க் கட்டு, தாயின் இடத்தில் பேப்பர்க் கட்டு. என் மனைவி அவள் இடத்தில் அமர்ந்தாள். நான் மறுபடியும் படுத்தேன். ஏனென்றால் வெறும் வண்டியின் உயரத்தை அளந்து பயனில்லை. ஆள் ஏறினால் அது மாறிவிடும். அளப்பதற்கு அவன் எடுத்த டேப்பின் முனைக் கொக்கி ஆடிக்கொண்டிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த ராக்கெட் குச்சியைக் கொடுத்தேன். டேப்பில் எண் இருக்கிறது, அதைத் தப்பாகப் படிக்கலாம். குச்சியில் எண்ணே இல்லை, தப்பாகப் படிக்க ஒன்றுமில்லை. வாழ்நாளெல்லாம் எண்ணிய நான் இதைச் சொன்னது அவனுக்குப் பெரிய வேடிக்கை. குச்சியின் சீவிய நுனியைச் சக்கரத்தின் நடுமூடியில் வைத்து, மட்கார்டு விளிம்பு எங்கே தொடுகிறது என்று பார்த்தான். முதலில் சனிக்கிழமைக்கு முன்பிருந்த உயரம் தெரிய வேண்டும் என்று, சுற்றுகளை எண்ணிப் பழைய நிலைக்கு இறுக்கினான். நான் எழுந்து வந்து, அவன் நகம் பதித்து வைத்திருந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டேன். பிறகு தளர்த்தினான். ஒவ்வொரு முறை தளர்த்திய பின்பும் பேப்பர்க் கட்டை இறக்கிவிட்டு ஏறி உட்கார்ந்து, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, பானெட்டை இரண்டு கையாலும் அமுக்கி விட்டான். தளர்த்தியவுடன் வண்டி தானாக இறங்காது, பிடித்துக்கொண்டு பொய் சொல்லும், உருண்ட பிறகுதான் உண்மையான உயரத்துக்கு வரும் என்றான். வலதுபக்கமும் இடதுபக்கமும் குச்சியில் ஒரே இடத்தில் தொடும்வரை ஏழு முறை இதைச் செய்தான். இடதுபக்கம் அரைச் சுற்று அதிகம் தளர்த்த வேண்டியிருந்தது. டம்ளர் சொன்னது சரிதான். கடைசியில், “போடுங்க அத்தான் கோட்ட” என்றான். நீலக் கோடு போட்டேன். பைண்டிங் நூலைப் பிடித்து முன் சக்கரங்களின் முகத்தையும் நேராக்கினான். அவன் வெள்ளை வேட்டியில் அச்சகத்தின் எல்லா நிறமும் ஒட்டியிருந்தது. வேட்டிக் கறைக்கு எப்போதும் திட்டுகிற என் மனைவி அன்று திட்டவில்லை. 

திங்கட்கிழமை காலையில் நானும் போனேன். வீட்டில் இருந்திருந்தால் சுவரில் உள்ள ஆணிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. ஜீப் தாராளமாகக் கடந்தது. ஊரே கூடி நின்றது. அந்தப் பெண்ணை அவள் கணவன் கைகளில் ஏந்திக்கொண்டு வந்து மெத்தையில் வைத்தான். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. என்னைப் பார்த்ததும், “போர்மேன் சார், நீங்களும் வந்தீகளா?” என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். என் மனைவி தலைமாட்டில் ஏறினாள். தாய் பெஞ்சில் ஏறினாள். மச்சினன் ஸ்டியரிங்கில். நான் முன்சீட்டில் கால் வைத்தேன். வைத்த காலை எடுத்துவிட்டேன். நாலு பேருக்கு அளந்த உயரம். ஐந்தாவதாக நான் ஏறினால் முன்பக்கம் இன்னும் இறங்கும், நீலக் கோட்டுக்கு அர்த்தம் இருக்காது.  நான் கதவைச் சாத்தியபோது மச்சினன் ஜன்னல் வழியே கையை நீட்டி என் கையைப் பிடித்தான். “வெளிய நில்லுங்க போர்மேன் சார். ரூமுக்கு நாலு பேரு” என்றான். ஒருநாளும் அவன் என்னை அப்படி அழைத்ததில்லை. கேலிதான். ஆனால் கேலியைவிட மரியாதை அதிகம் இருந்தது.

ஜீப் நடந்துபோகிற வேகத்தில் கிளம்பியது. நானும் அந்தப் பெண்ணின் கணவனும் ஓடைக்கரைவரை பின்னால் நடந்தோம். அது தண்ணீரில் இறங்கி, அந்தப் பக்கம் ஏறி, கருவேல மரங்களுக்குள் மறைந்தது. பிறகு கண்ணுக்கு வேலை இல்லை. நான் நின்று கேட்டேன். அந்தப் பாதையின் ஒவ்வொரு குழியும் என் முதுகுக்குத் தெரியும். முதல் குழி இருக்கும் இடத்தை எஞ்சின் சத்தம் கடந்தது. ஒன்றுமில்லை. இரண்டாவது. ஒன்றுமில்லை. கடைசியில், தார் ரோட்டிலிருந்து நாலாவது குழியில், என் சட்டைக்குள் தண்ணீர் போன இடத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் தணிந்தது, மறுபடி எழுந்தது, அவ்வளவுதான். தார் ரோட்டில் ஏறும்வரை என் காதுக்கு ஒரே ஒரு ‘தொப்’ கேட்டது. ஒரு டங்கூட இல்லை. அதற்கு முன்பும் பின்பும் நான் எத்தனையோ எண்ணியிருக்கிறேன். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் நின்றதில் அவ்வளவு சந்தோஷம் வேறெப்போதும் கிடைத்ததில்லை. பக்கத்தில் நின்ற அந்தப் பையன், “சார், என்ன கேக்குது?” என்றான். “ஒண்ணும் கேக்கலப்பா” என்றேன். அவன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். நான் சிரிப்பதைக் கண்ட பிறகுதான் அவன் முகம் தெளிந்தது.

மூன்று வாரம் கழித்து ஆபரேஷனில் பெண் குழந்தை. சின்னதுதான், ஆனால் அழுகை வார்டு முழுவதும் கேட்டதாம். “ஒந்தம்பி தொண்டை” என்று என் மனைவியிடம் சொன்னேன்.

அதற்கு முன்பே ஆனைக்குட்டம் போட்டி வந்துவிட்டது. சனிக்கிழமை மாலை குச்சியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சிவப்புக் கோட்டுக்கு ஏற்ற வேண்டும் அல்லவா? மச்சினன் குச்சியை வாங்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தான். “அவுக திரும்பி வரணும்ல அத்தான். பிள்ளையோட. பாலம் கட்டுறதுக்குள்ள ராத்திரியோ பகலோ எப்ப கூப்பிடுவாகளோ. ஏத்தி எறக்கி வெளாட இது ராட்டினமா?” என்றான். மறுநாள் நீலக் கோட்டிலேயே போட்டிக்குப் போனான். மூன்றாவது பள்ளத்தில் ஜீப் வயிற்றோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. டிராக்டர் கட்டி இழுத்தார்கள். “என்ன அண்ணாச்சி, மூக்குத் தூக்கிக்குச் சளி பிடிச்சிருச்சா?” என்று ஒருவர் மைக்கில் கேட்டார். கூட்டம் சிரித்தது. மச்சினன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். எனக்குத் தாங்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று மேடைப்பக்கம் இரண்டு எட்டு வைத்தேன். அவன் சேற்றுக்கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “சும்மா வாங்க அத்தான், டீ குடிப்போம்” என்றான். அந்தச் சட்டையில் அவன் நான்கு விரல் கறை கடைசிவரை போகவில்லை.

அதற்குப் பிறகு அவன் முன்பக்கத்தை ஏற்றவே இல்லை. அந்தத் தாயும் குழந்தையும் அதே மெத்தையில் ஊர் திரும்பினார்கள். பாலம் கட்டி முடிக்கும்வரை இன்னும் பலர் அதில் படுத்துப் போனார்கள். தெருவில் யாராவது, வண்டி முன்புபோல் எடுப்பாக இல்லையே என்று கேட்டால், “அதுக்கு வயசாயிருச்சு” என்று சொல்லிவிடுவான். அவனுக்குத்தான் வயதாகாமலே போயிற்று. போன வருடம் நெஞ்சுவலியில் அவன் போனபோது, விருதுநகருக்கு அவனைக் கொண்டுபோன வண்டி புது ஆம்புலன்ஸ். தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு குலுக்கல்கூட இல்லை. நான் உள்ளே உட்கார்ந்து அவன் மூச்சை எண்ணிக்கொண்டு போனேன்.

இப்போது அந்த ஓடையின் மேல் உயரமான பாலம். அந்தக் குழந்தை மஞ்சள் வேனில் ஏறிப் பள்ளிக்கூடம் போகிறாள். ஜீப் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. ஓட்டாமல் விட்டால் துருப்பிடிக்கும், விற்றுவிடுவதுதான் நல்லது என்று மனைவி சொன்னதால்தான் அந்தச் சிவகாசிக்காரர் வந்தார்.

குச்சியோடு வெளியே வந்து, வலது முன்சக்கரத்தில் வைத்துக் காட்டினேன். இடது முன்சக்கரத்திலும் வைத்துக் காட்டினேன். வண்டி வெறுமையாக நின்றதால் மட்கார்டு விளிம்பு நீலக் கோட்டுக்கு நூலளவு மேலே, இரண்டு பக்கமும் ஒன்றுபோல நின்றது. கம்பி தளரவில்லை. சிவப்புக் கோடு பழைய போட்டி உயரம் என்று மட்டும் சொன்னேன். அவர் குச்சியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சிவப்புக் கோடு சரி சார், போட்டிக்கு. நானும் அதுக்குத்தான் கேக்கேன். கீழ இருக்க நீலக் கோடு எதுக்கு?” என்றார்.

வாயால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது.  உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் மொண்டு வந்தேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். என்ன செய்யப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. “பாத்து, மெல்ல ஓட்டுங்க” என்று மட்டும் சொன்னாள்.

பின்கதவைத் திறந்தேன். “ஏறிப் படுங்க” என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார். டம்ளரை அவர் நெஞ்சின் மேல் வைத்து, அவர் கையை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

“தெரு முக்குவரைக்கும் மூணு வேகத்தடை இருக்கு. எண்ணிக்கிட்டே வாங்க” என்று சொல்லிவிட்டு, மச்சினன் உட்காரும் இடத்தில் ஏறி உட்கார்ந்தேன்.